விரலுக்கு ஏற்ற ஆளி எது? விசைப்பலகை வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

தமிழில் நாள் முழுவதும் தட்டச்சு செய்பவர்களின் வலது சுண்டுவிரல் படும் பாடு தனி. பாமினி முறையில் மெய்யெழுத்துக்கான புள்ளி, ஆங்கில அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. 'தமிழ்' என்று எழுதினாலே கடைசியில் சுண்டுவிரல் அங்கு போகவேண்டும். ஒரு பந்தியில் எத்தனை மெய்யெழுத்துகள் உண்டோ, அத்தனை தடவை கையில் பலம் குறைந்த விரல் அந்த விசையை அழுத்துகிறது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அந்த விசை எப்போதாவதுதான் தேவை. ஆகவே, அவர்கள் சிறந்ததென்று சொல்லும் விசைப்பலகை நமக்கும் சிறந்ததாக இருக்கும் என்று நம்பி வாங்க முடியாது.

சாதாரண விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் கீழே ஒரே இறப்பர்த் தகடுதான் இருக்கும். மெக்கானிக்கல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஆளி உண்டு. அதனுள்ளே ஒரு தண்டு, ஒரு சுருள்வில், இரண்டு உலோகத் தொடுகைகள் இருக்கின்றன. ஆளிகளில் மூன்று வகை உண்டு. அழுத்தும்போது 'டிக்' என ஒலிப்பது ஒன்று. இடையில் சிறு தடை தட்டுப்படுவது இன்னொன்று. ஒலியோ தடையோ இன்றி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இறங்குவது மூன்றாவது. இதுவே லீனியர் ஆளி. விரலுக்கு இடையில் தடை இல்லாததால் நீண்ட நேரம் எழுதும் பலர் இதை விரும்புகிறார்கள்.

எடையும் ஆழமும்

ஜேர்மனியின் செரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை ஆளிகளை இன்றும் பலர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அதன் சிவப்பு ஆளி ஏறக்குறைய 45 கிறாம் அழுத்தத்தில் எழுத்தைப் பதியும். கறுப்பு ஆளிக்கு 60 கிறாம் வேண்டும். இரண்டும் 2 மில்லிமீற்றர் இறங்கியதும் எழுத்து விழும். அடிவரை இறங்கும் தூரம் 4 மில்லிமீற்றர். அதே நிறுவனத்தின் வெள்ளி நிற வேக ஆளியில் 1.2 மில்லிமீற்றரிலேயே எழுத்து விழுந்துவிடும். விளையாட்டுக்கு அது உதவலாம். விரல்களை விசைகளின் மீது ஓய்வாக வைத்திருப்பவருக்கோ நினையாத எழுத்துகள் வந்து விழும்.

15 கிறாம் வித்தியாசம் ஒரு தடவை அழுத்தும்போது பெரிதாகத் தெரியாது. ஆயிரக்கணக்கான தடவை அழுத்தியபின் மணிக்கட்டில் தெரியும். எனவே கடையில் ஒரு விசையைத் தட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வழக்கமாக எழுதும் தமிழ்ப் பந்தி ஒன்றை, வழக்கமாகப் பயன்படுத்தும் முறையில், அரை மணி நேரமாவது எழுதிப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

ஒரு விசையின் மீது நாணயங்களை ஒவ்வொன்றாக மெதுவாக அடுக்குங்கள். திரையில் எழுத்து விழும்போது நாணயங்களின் மொத்த எடையே அந்த ஆளியின் அழுத்த அளவு. துல்லியம் குறைவென்றாலும் இரண்டு ஆளிகளை ஒப்பிட இது போதும்.

அடுத்து விசையின் நடுவில் அல்ல, ஓரத்தில் மெதுவாக அழுத்துங்கள். சுரசுரப்பு இருந்தால் அங்கேதான் தெரியும். விசையைப் பிடித்து இருபுறமும் அசைத்தால் தண்டு எவ்வளவு ஆடுகிறதென்று தெரியும். காதருகே வைத்து அழுத்திச் சட்டென விடுங்கள். சுருள்வில் 'கிணுங்' என்று ஒலித்தால் அது நாளடைவில் எரிச்சல் தரும். தண்டிலும் வில்லிலும் மெல்லிய பூச்சாக அதற்குரிய கிறீஸ் இட்டால் இவற்றில் பல சரியாகும். அதிகம் பூசினால் விசை மந்தமாகிவிடும். இடைவெளி விசை மட்டும் கடகடத்தால் ஆளியைக் குறைசொல்ல வேண்டாம். நீளமான விசைகளைத் தாங்கும் கம்பிதான் பெரும்பாலும் காரணம்.

ஒரேயொரு மாதிரி ஆளியை நம்பாமல், ஒரே பொதியிலிருந்து ஐந்தாறையாவது சோதியுங்கள்.

ஓர் எழுத்து இரண்டானால்

தொடுகை பழுதான ஆளி, ஒரு தடவை அழுத்தினாலும் இரண்டு தடவை பதியும். தமிழ்99 முறையில் இது கூடுதல் ஆபத்து. அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்துத் தட்டினால் கணினி தானாகவே இடையில் புள்ளி வைத்துவிடும். 'படம்' 'பட்டம்' ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் காட்டிக்கொடுக்காது. கட்டுரையில் என்றால் திருத்தலாம். மனுவிலோ வாக்குமூலத்திலோ ஒருவரின் பெயரில் அப்படி நேர்ந்தால், அதைத் திருத்த அந்தக் குடும்பம் அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டி வரும். புதிய ஆளி பொருத்தியதும் ஒவ்வொரு விசையையும் இருபது தடவை தட்டி, இருபது எழுத்துகள்தான் விழுந்தனவா என்று எண்ணிப் பாருங்கள்.

காயப்பட்ட கைகளுக்கு

போரில் விரல்களை இழந்தவர்களும் கை நரம்பு பாதிக்கப்பட்டவர்களும் நம்மிடையே பலர். பலம் குறைந்த விரலுக்கு இலகுவான ஆளி உதவும். நடுங்கும் விரலுக்கு அதே ஆளி கெடுதி, தொட்டாலே எழுத்து விழும். அவருக்குச் சற்றுக் கனமானதே நல்லது. பற்றவைக்காமல் ஆளியைக் கழற்றிப் பூட்டக்கூடிய விசைப்பலகையாக இருந்தால் எல்லா விசைக்கும் ஒரே ஆளி வேண்டியதில்லை. புள்ளி விசைக்கு மட்டும் இலகுவானதைப் போடலாம். பூட்டும்போது ஊசிகள் வளையாமல் நேராக அழுத்தவேண்டும்.

ஒரு கையால் எழுதுபவர்கள் விண்டோஸில் ஷிப்ட் விசையை ஐந்து தடவை தட்டினால் 'ஒட்டும் விசைகள்' வசதியை இயக்கக் கேட்கும். அதை ஏற்றுக்கொண்டால் ஷிப்டையும் எழுத்தையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டியதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டலாம்.

முழுப் பலகைக்கும் ஒரேயடியாகப் பணம் செலவழிக்குமுன், இரண்டு மூன்று வகைகளில் சிலவற்றை மட்டும் வாங்கிப் புள்ளி விசையில் பூட்டிப் பாருங்கள். ஒரு கிழமை எழுதியபின் சுண்டுவிரல் நோகாத ஆளியே உங்களுக்குரியது.