கண் காட்டும் நேர்நிலை

நிமிர்ந்து நிற்பதும் ஒரு கூட்டுறவே. பாதத்தின் உணர்ச்சி, உட்செவி, கண் ஆகிய மூன்றும் கூடி உழைப்பதனால் நாம் நிலைபெற்று நிற்கின்றோம். ஒன்று தளருமாயின் ஏனையவை அதன் சுமையை ஏற்கும். காசிமேட்டு மீனவர் ஆடும் படகில் நின்று தொடுவானத்தை நோக்குங்கால் உடலின் ஆட்டம் குறைவது இதனாலேயே.

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் உழைத்து ஓய்ந்த முதியோருள் நீரிழிவினால் பாதம் மரத்தவரும், பக்கவாதத்தால் ஒருபுறம் தளர்ந்தவரும் உளர். இவர்கட்கு வீழ்ச்சி பெருங்கேடு. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்து மடிவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இவர்கட்குக் கண்ணே ஆசானாகலாம். ஆளுயரக் கண்ணாடியின் நடுவே பாவு நூல் ஒன்றைத் தொங்கவிட்டு, மூக்கும் மார்பின் நடுவும் அந்நூலுக்கு நேராக வருமாறு நிற்றல் வேண்டும். எடை காட்டும் கருவிகள் இரண்டின்மீது காலுக்கு ஒன்றாக நிற்பதும் நன்று. 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஒவ்வொன்றும் 30 காட்டினால் சுமை சமம். பெரிய மருத்துவமனைகளில் மேடையும் திரையும் இப்பணியைச் செய்கின்றன.

முன்னே உறுதியான மேசையும் அருகே துணையாளும் இன்றியமையாதவை. தேர்ச்சி பெறப்பெறக் கண்ணாடியைச் சிறிது சிறிதாக விலக்குதல் வேண்டும். இன்றேல் அப்பயிற்சி கண்ணாடி முன்னரே நின்றுவிடும்.

தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது முறை. இராயபுரத்தார்க்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அண்மையிலுள்ளது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இல்லத்திலேயே இயன்முறைச் சிகிச்சை பெறவும் வழியுண்டு. சங்கந்தோறும் ஒரு கண்ணாடியைப் பொதுவில் வாங்கி வைப்பது நம்மால் இயலாததன்று.