பித்தக் குழாய்க்குள் போகும் ஒலி

கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளிறும், உடம்பெல்லாம் சொறியும். பெரிதாக வலி இருக்காது. நம் ஊர்களில் இதைக் கண்டதும் "வாப்பாவுக்கு மஞ்சக் காமாலை" என்று பத்தியச் சாப்பாடும் கீழாநெல்லிச் சாறும் ஆரம்பமாகிவிடும். வாலிபப் பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் கிருமியால் வரும் ஈரல் அழற்சி. அநேகமாகத் தானாகவே இறங்கிவிடும். அறுபதைக் கடந்தவருக்கு, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் காமாலை வேறு கதை. ஈரலில் ஊறும் பித்தம் குடலுக்கு இறங்கும் குழாய் அடைபட்டிருக்கலாம். அடைத்தது கல் என்றால் நல்ல காலம். குழாயின் சுவரிலேயே முளைத்த புற்றுநோயாகவும் இருக்கலாம்.

இந்நோயைக் குணமாக்க வல்லது ஒப்பரேஷன் ஒன்றுதான். ஆனால் பலர் அதற்கான காலம் கடந்த பிறகே வைத்தியசாலைக்கு வருகிறார்கள். காரணம், காமாலை தெரியும்வரை நோய் சத்தம் போடுவதில்லை. அப்படியானவர்களுக்கு 1979 இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் நிப் சோகேந்திரா ஒரு வழி காட்டினார். வாய் வழியாக என்டோஸ்கோப்பை இறக்கி, அடைப்புக்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்தார். அதுதான் ஸ்டென்ட். பித்தம் ஓடும், சொறிச்சல் அடங்கும், மனிசன் சாப்பிடத் தொடங்குவார். ஆனாலும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். கம்பி வலையால் ஆனது என்றால் கட்டி வலைக்கண்களுக்குள்ளால் வளர்ந்து உள்ளே வரும். ஸ்டென்ட் வழியைத் திறக்கிறதே தவிர, கட்டியைத் தொடுவதில்லை.

கட்டியைத் தொட ஒலியைக் கொண்டுபோகலாமா? கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பண்ணும் அதே அல்ட்ராசவுண்ட்தான். வலுவைப் பன்மடங்கு கூட்டினால் அது படும் இடம் சூடாகி, முட்டை வெந்தது போல் இழையம் உறைந்து செத்துவிடும். உடம்புக்கு வெளியிலிருந்தே, வெயிலைக் கண்ணாடியால் குவிப்பது போல, ஒலியைக் குவித்துச் சில கட்டிகளைச் சுடுகிறார்கள். பித்தக் குழாயிலோ அது கஷ்டம். அது ஆழத்தில் கிடக்கிறது. முன்னே விலா எலும்பு, பக்கத்தில் காற்று நிறைந்த குடல். எலும்பும் காற்றும் ஒலியை மறித்துவிடும்.

பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் புரொஸ்டேட் புற்றுநோய்க்கு மலவாசல் வழியாகக் கருவியைச் செலுத்தி ஏற்கெனவே அனுபவம் பெற்றிருந்தவர்கள். தூரத்திலிருந்து எறிய முடியாவிட்டால் பக்கத்தில் போய்விடுவோம் என்பதே அவர்கள் கண்ட வழி. வைத்தியர் பிரெடெரிக் பிராவும் அவர்களும் சேர்ந்து, நான்கு மில்லிமீற்றருக்குள் அடங்கும் ஒரு தண்டின் நுனியில் சின்னஞ்சிறு ஒலித் தகட்டைப் பொருத்தினார்கள். என்டோஸ்கோப்பின் துளைக்குள்ளால் அது மெல்லிய கம்பியொன்றைப் பற்றிக்கொண்டு அடைப்பு வரை ஏறும்.

அந்தத் தகடு தட்டையானது, ஒலியைக் குவிக்காது. கட்டி தொடும் தூரத்தில் இருக்கும்போது குவிக்க வேண்டியதும் இல்லை. அதிர்வெண்ணைச் சுமார் 10 மெகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தியதுதான் இதில் எனக்குப் பிடித்த புத்தி. அவ்வளவு உயர்ந்த அதிர்வு இழையத்துக்குள் வெகுதூரம் போகாது. சுமார் ஒரு சென்ரிமீற்றருக்குள் களைத்துவிடும். பக்கத்திலேயே ஈரலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் இருப்பதால் இந்தக் களைப்பே ஒரு காவல். ஒரு தடவை சுட்டால் ஒரு பக்கம்தான் வேகும். ஆகவே தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிச் சுட்டு, குழாயைச் சுற்றி ஒரு வளையமாக வேகவைக்கிறார்கள்.

2001 இல் முதல் அறிக்கை வந்தது. 2002 இல் பத்து நோயாளிகள் பற்றிய ஆரம்ப ஆய்வு வந்தது. குடல் வாயில் குழாய் முடியுமிடத்துக் கட்டி உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். மனிதரில் இதைச் செய்ய முடியும், கட்டியை அழிக்கவும் முடியும் என்பது தெரிந்தது. ஆயுள் கூடியதா என்பதைப் பத்துப் பேரை வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மறு குழுவும் இருக்கவில்லை.

ஒப்பீடு என்ன செய்யும் என்பதற்கு 2003 இல் ஒளிச் சிகிச்சை பற்றி வந்த ஆய்வைப் பாருங்கள். ஒளிபட்டால் வேலை செய்யும் மருந்தை ஊசியாக ஏற்றி, குழாய்க்குள் லேசர் பாய்ச்சும் முறை அது. 39 பேரைச் சீட்டுப்போட்டது போல் பிரித்தார்கள். ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களின் இடைநிலை ஆயுள் 98 நாள். ஒளிச் சிகிச்சையும் பெற்றவர்களுடையது 493 நாள். ஆனால் அந்த மருந்து ஏறியவர் வாரக் கணக்கில் வெயிலில் தலைகாட்டக் கூடாது. நம் வெயிலில் அது லேசான பத்தியமா? ஒலிக்கு அப்படி எந்த மருந்தும் தேவையில்லை. இப்போது மின்னலையால் சுடும் கம்பிகளும் இதே பாதையில் போகின்றன.

எதனால் சுட்டாலும், கடைசியில் ஸ்டென்ட் ஒன்றை வைத்துவிட்டே வெளியே வருவது வழக்கம். வெந்த இழையம் வீங்கும், பிறகு உரிந்து விழும். அதுவே பித்தத்தின் வழியை மறுபடி அடைத்துவிடக்கூடும்.