முடிச்சு நின்றால் தையல் நிற்கும்



தையல் தெரிந்தவர்கள் நம் குழுக்களில் பலர் இருக்கிறோம். ஜாக்கெட், பாவாடை, சீருடை என்று தைத்துத்தான் மாதத் தவணையைக் கட்டுகிறோம். ஒரு தடவை எங்கள் குழு தைத்துக் கொடுத்த சட்டைகளில் பாதி திரும்பி வந்துவிட்டது. அளவு சரி, தையலும் நேர்தான். ஆனால் ஒரே துவைப்பில் பட்டன்கள் கழன்றிருந்தன. "ராத்திரி பகலா தைச்சது இதுக்காக்கா?" என்று ஒரு தங்கை அழுதே விட்டாள். அத்தனையையும் மறுபடி தைத்தோம், கூலி கிடையாது. பிரித்துப் பார்த்தால் குற்றம் நூலின் கடைசி முடிச்சில் இருந்தது.

முடிச்சு ஏன் அவிழ்கிறது? நூலும் நூலும் உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் முடிச்சு நிற்கிறது. பருத்தி நூலில் பிசிறு உண்டு, அதனால் நன்றாகப் பிடிக்கும். பாலியஸ்டர் நூல் வழவழப்பானது, நழுவும். அதற்கு ஒரு சுற்று கூடுதலாக வேண்டும்.

ஆரம்ப முடிச்சு

நூலை அரை மீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். நீளம் கூடினால் சிக்கு விழும். ஊசியில் நூலைக் கோர்த்து, நூலின் நுனியை ஊசியோடு சேர்த்துப் பிடியுங்கள். ஊசி முனைப் பக்கம் நூலை மூன்று சுற்றுச் சுற்றுங்கள். சுற்றை விரலால் அழுத்திக்கொண்டு ஊசியை மேலே இழுங்கள். சுற்றுகள் இறங்கி நூலின் கடைசியில் சின்ன மணி போல் நிற்கும்.

கடைசி முடிச்சு

1. துணியின் உள்பக்கம் இரண்டு மூன்று இழையை மட்டும் எடுத்து ஒரு சின்னத் தையல் போடுங்கள்.
2. நூலை முழுதும் இழுக்காமல் ஒரு வளையம் விடுங்கள். அந்த வளையத்துக்குள் ஊசியை இரண்டு தடவை விட்டு, மெதுவாக இறுக்குங்கள்.
3. அதே இடத்தில் இன்னொரு முடிச்சும் போடுங்கள்.
4. துணியின் இரண்டு மடிப்புக்கு நடுவே அரை அங்குலம் ஊசியை ஓட்டி வெளியே எடுத்து, அங்கே நூலை வெட்டுங்கள். முடிச்சை ஒட்டி வெட்டினால் சீக்கிரம் அவிழும். பல்லால் கடிக்க வேண்டாம், பல் தேயும்.

பட்டனும் ஹூக்கும்

நான்கு துளைப் பட்டனில் இரண்டு துளையைத் தைத்து முடிச்சுப் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் தனியாகத் தையுங்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்திருக்கும். கைக்குழந்தை உடுப்பில் இன்னும் கவனம் தேவை. கழன்ற பட்டனைக் குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்து உயிருக்கே ஆபத்து.

அவசரத்தில் நாம் ஒரு ஹூக்கிலிருந்து அடுத்த ஹூக்குக்கு நூலை வெட்டாமலே கொண்டுபோவோம். அப்படிச் செய்தால் ஒன்று கழன்றதும் பக்கத்தில் இருப்பதும் தளர்ந்துவிடும். ஒவ்வொரு ஹூக்குக்கும் தனி முடிச்சுப் போடுங்கள்.

மிஷின் தையலில்

ஆரம்பத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் ரிவர்ஸ் அடிக்க வேண்டும். ரிவர்ஸ் இல்லாத பழைய மிஷினா? ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, துணியைத் திருப்பிப் போட்டு, அதே கோட்டிலேயே நாலு தையல் அடியுங்கள்.

ஜாக்கெட் டாட் நுனியில் மட்டும் ரிவர்ஸ் அடித்தால் கூர் சுருங்கி அசிங்கமாகத் தெரியும். அங்கே நான்கு அங்குல நூல் விட்டு வெட்டி, மேல் நூலையும் பாபின் நூலையும் கையால் முடியுங்கள். முதலில் வலது கை நூலை இடது கை நூலின் மேல் போட்டு முடிய வேண்டும். அடுத்து இடது கை நூலை வலது கை நூலின் மேல் போட வேண்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு நழுவிவிடும்.

சகோதரிகளே, தைத்து முடித்ததும் ஒவ்வொரு பட்டனையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். நம் கையில் கழன்றால் அது வேலை, வாங்கினவர் கையில் கழன்றால் அது கெட்ட பேர். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு துண்டுத் துணி, ஊசி, நூல் எடுத்து வாருங்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுப்போம்.