20 கோல் அடிக்கிற ஆள் எங்கே?

2013 கோடையில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸுக்கு ஆர்சனல் கொடுக்க முன்வந்த விலை, 4 கோடியே 1 பவுண்டு. 4 கோடிக்கு மேல் யார் கேட்டாலும் அவரை விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக ஆர்சனல் போட்ட கணக்கு அது. லிவர்பூல் முதலாளி கொதித்துப்போனார், ஆளை விடவில்லை. அடுத்த சீசனில் சுவாரெஸ் லீக்கில் மட்டும் 31 கோல் அடித்தார். அந்த ஒற்றைப் பவுண்டை நினைத்தால் ஆர்சனல் ரசிகர்களுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

யாரை வாங்குவது, யாரை வைத்துக்கொள்வது என்ற சண்டை எல்லா கிளப்பிலும் உண்டு. ஆர்சனலில் அது கொஞ்சம் அதிகம். காரணம், தியெரி ஹென்றி. 228 கோல். அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு ஸ்ட்ரைக்கரும் அந்த எண்ணோடு ஒப்பிடப்பட்டே தேய்ந்தார்கள். தேயாத ஒருவரும் இருந்தார்: ராபின் வான் பெர்சி, 2011-12 லீக்கில் 30 கோல். அந்தக் கோடையிலேயே அவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். அவர் அங்கே 26 கோல் அடித்துக் கோப்பையையும் தூக்கினார். ‘விற்றிருக்கக் கூடாது’ என்ற பேச்சுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அவர் இடத்துக்கு வந்த ஒலிவியே ஜிரூவைப் பற்றித்தான் நெடுங்காலம் வாதம் நடந்தது. வேகம் இல்லை, பெரிய ஆட்டங்களில் காணாமல் போகிறார் என்று ஒரு கட்சி. பந்தை வாங்கி நிறுத்தி மற்றவர்களுக்கு வழி செய்கிறார் என்று எதிர்க்கட்சி. 105 கோல் அடித்தவரை 2018 ஜனவரியில் செல்சீக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டே உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியின் நடு ஸ்ட்ரைக்கர் அவர்தான். தொடர் முழுவதும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. முதல் ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியாளர் அவரை வெளியே உட்கார வைக்கவும் இல்லை. பிறகு செல்சீயோடு சாம்பியன்ஸ் லீக், மிலனோடு இத்தாலிய லீக். எதிர்க்கட்சிக்காரர்கள் இதை மறக்கவே விடமாட்டார்கள்.

என் கட்சியும் அதுதான். ‘வருஷத்துக்கு 20 கோல் அடிக்கிற ஆள் வேண்டும்’ என்பவர்கள், அந்த 20 கோலும் அணியின் கணக்கில் புதிதாகச் சேரும் என்று நினைக்கிறார்கள். ஆட்டம் அப்படி நடப்பதில்லை. 1991-இல் ஆர்சனல் லீக் சாம்பியன். 38 ஆட்டங்கள் ஆடிய அணி அப்போது நல்ல கோல் வேட்டையும் நடத்தியது. அந்த செப்டம்பரில் இயன் ரைட்டை வாங்கினார்கள். அவர் அந்த சீசனிலேயே லீக்கின் அதிக கோல்காரர். ஆனால் அதற்கடுத்த 1992-93-இல் அணி முழுவதும் சேர்ந்து அடித்தது 42 ஆட்டங்களில் 40 கோல், பிடித்தது பத்தாவது இடம். ரைட் மட்டும் 15. தப்பு அவருடையதல்ல. பந்தெல்லாம் ஒருவரையே தேடிப் போகும் அணியாக அது சுருங்கிவிட்டது.

இதற்கு நேர் எதிர் 2023-24. லீக்கில் 91 கோல். சாகா 16, ஹாவர்ட்ஸ் 13, ட்ரோசார்ட் 12. 20-ஐ யாரும் தொடவில்லை. மான்செஸ்டர் சிட்டியிடம் பட்டத்தை இழந்தது 2 புள்ளியில். அங்கே ஹாலண்ட் 27 அடித்திருந்தார் என்பதால் ‘பார்த்தீர்களா?’ என்று எதிர்த்தரப்பு எழுந்துகொண்டது. 91 கோல் அடித்த அணிக்கு கோல்தான் குறை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் சொன்னதுதான் சரி, ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் ஸ்ட்ரைக்கர் ஜீசஸுக்கு முழங்கால் போனது. ஆஸ்டன் வில்லாவின் வாட்கின்ஸைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பிப்ரவரியில் துபாய் பயிற்சி முகாமில் ஹாவர்ட்ஸின் தொடைத்தசை கிழிந்தது. லெஸ்டர் ஆட்டத்தில் மிட்ஃபீல்டர் மெரினோவை மாற்று ஆளாக இறக்கி முன்னால் நிறுத்தினார்கள். அவரே இரண்டு கோல் அடித்து மானத்தைக் காப்பாற்றினார். ரசிக்கத்தக்க கதைதான், ஆனால் சீசன் முடிவில் அணியின் கணக்கு 69 கோலாக இறங்கியிருந்தது.

அந்தக் கோடையில் வாதம் இரண்டு பெயர்களில் நின்றது. லைப்சிக்கின் செஷ்கோ: 22 வயது, உயரம், வேகம், இனிமேல்தான் வளர வேண்டும். ஸ்போர்ட்டிங்கின் யோகெரெஸ்: 27 வயது, போர்ச்சுகல் லீக்கில் ஒரே சீசனில் 39 கோல். போர்ச்சுகல் கோலை இங்கிலாந்தில் எத்தனைக்கு எண்ணுவது என்பதுதான் சந்தேகம். அங்கே லீக்கில் 26 கோல் அடித்து லிவர்பூலுக்கு வந்த டார்வின் நூனியஸ் மூன்று சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 40 கோலோடு கிளம்பினார். அவர் பெயரை இழுக்காமல் அந்த விவாதம் முடிந்ததே இல்லை. கடைசியில் செஷ்கோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், யோகெரெஸ் ஆர்சனலுக்கும் போனார்கள். ஹென்றி போட்ட 14-ஆம் எண் சட்டை யோகெரெஸுக்கு. ஹென்றியும் தன் முதல் கோலுக்குச் சில வாரங்கள் காத்திருந்தவர்தான். அதை யாராவது நினைவுபடுத்தினால் நல்லது.

யோகெரெஸ் வந்ததும் ‘இனி ஹாவர்ட்ஸ் எதற்கு, விற்றுவிடலாம்’ என்று கிளம்பியது ஒரு கூட்டம். தலையால் முட்டவும், இடத்தைத் திறந்துவிடவும், மிட்ஃபீல்டுக்கு இறங்கி ஆடவும் தெரிந்தவரை விற்பது வீண் வேலை என்பது என் கருத்து. 2025 ஆகஸ்டில் சீசனின் முதல் ஆட்டம், ஓல்ட் டிராஃபோர்டில். யோகெரெஸ் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வெளியேற, ஹாவர்ட்ஸ் இறங்கினார். 1-0 என்று ஆர்சனல் ஜெயித்தது. கோலை அடித்தது தடுப்பாட்டக்காரர் கலாஃபியோரி. சில நாளில் ஹாவர்ட்ஸுக்கு முழங்காலில் காயம். விற்கலாம் என்றவர்களே, அவர் எப்போது திரும்புவார் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.