கடைசி எலி வரை

எங்கள் தாத்தா செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டத்தில் ஆங்காங்கே உயரமான கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி இருக்கும். ஆந்தை குடியிருக்க வைத்த பெட்டி அது. “பழத்தைக் கொறிக்கிற எலியை ஆந்தை பார்த்துக்கும். மருந்து எதுக்கு?” என்பார் தாத்தா.

அந்த நினைவோடுதான் கடந்த தவணையில் ஒரு வகுப்பு விவாதத்திற்குப் பெயர் கொடுத்தேன். ‘ஒரு தீவில் உள்ள எலிகள் அனைத்தையும் நஞ்சு வைத்துக் கொல்வது முறையா?’ என்பது தலைப்பு. முறையல்ல என்று பேசும் அணியில் முதல் ஆள் நான். ஆந்தை இருக்க நஞ்சு எதற்கு என்பதே என் வாதம்.

எடுத்துக்காட்டாகக் கொடுக்கப்பட்ட இடம் லார்ட் ஹாவ் தீவு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, கடலில் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 15 சதுர கிலோமீட்டர்தான். 1982-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமானது.

1918-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மக்காம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியது. பழுது பார்ப்பதற்குள் கப்பலில் இருந்த கறுப்பு எலிகள் கரையேறிவிட்டன. எலியையே பார்த்திராத பறவைகளுக்கு முட்டையையும் குஞ்சையும் காத்துக்கொள்ளத் தெரியவில்லை. அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த ஐந்து வகைப் பறவைகள் சில ஆண்டுகளில் அழிந்து போயின.

அங்கே கையளவு நீளமுள்ள ஒரு குச்சிப்பூச்சியும் இருந்தது. 1920-க்குப் பிறகு தீவில் அதை யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். ஆனால், 23 கிலோமீட்டர் தொலைவில் கடலில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பால்ஸ் பிரமிட் என்ற பாறையில், 2001-இல், ஒரே ஒரு புதரடியில் 24 பூச்சிகள் உயிரோடு இருந்தன. 2003-இல் இரண்டு இணைகளைக் கொண்டுவந்து இனப்பெருக்கம் செய்தார்கள். அந்த இனம் பிழைத்தது. அந்தப் பாறையில் எலி இல்லாததுதான் காரணம்.

இதையெல்லாம் படித்தும் நான் அசையவில்லை. ஆந்தையை விட்டுப் பார்த்திருக்கலாமே என்றே தோன்றியது. அடுத்த பக்கத்தில் அதற்கும் விடை கிடைத்தது. 1920-களிலேயே அங்கே ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எலிகள் ஒழியவில்லை. வந்த ஆந்தைகளோ உள்ளூர்ப் பறவைகளையும் வேட்டையாடத் தொடங்கின. எலி வாலுக்குக் காசு கொடுத்தும் பார்த்தார்கள். பல ஆண்டுகளாகக் குடியிருப்பைச் சுற்றி நஞ்சும் வைத்து வந்தார்கள். எலிகள் குறைந்தன, மறுபடியும் பெருகின.

அப்போதுதான் எனக்கு ஒரு வேறுபாடு புரிந்தது. குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு. செம்பனைத் தோட்டத்தில் எலி குறைந்தாலே போதும். விளைச்சல் தப்பிவிடும். தீவில் பத்து எலி மிஞ்சினாலும் கதை மறுபடி தொடங்கும். பெண் எலி கருவுற்ற மூன்றே வாரங்களில் குட்டி போட்டுவிடும். எனவே ஆண்டுதோறும் கொன்றுகொண்டே இருக்க வேண்டும், அல்லது ஒரே முறையில் கடைசி எலி வரை போக வேண்டும்.

லார்ட் ஹாவ் தீவில் இருப்பது சுமார் 400 பேர். 2015-இல் அவர்களிடம் கருத்து கேட்டபோது ஒழிப்புத் திட்டத்தை ஆதரித்தவர்கள் 52 விழுக்காட்டினர்தான். குழந்தைகள் விளையாடும் இடத்தில் நஞ்சா, மற்றப் பறவைகள் என்ன ஆகும் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அவை நியாயமான கேள்விகள்தாம்.

பயன்படுத்திய நஞ்சின் பெயர் பிரோடிஃபாகும். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி சில நாள்கள் கழித்துத்தான் சாகும். இந்தத் தாமதம் தேவையானது. தின்றவுடன் ஒன்று செத்தால் மற்றவை சந்தேகப்பட்டு இரையைத் தொடாது. உள்ளே இரத்தம் கசிந்து வரும் அந்தச் சாவு இலேசானதல்ல. இதை மறைத்துவிட்டு இயற்கைப் பாதுகாப்பு என்று பேசினால் அது நேர்மையாகாது.

2019-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் வேலை நடந்தது. மலைப்பகுதிகளில் ஹெலிகாப்டரில் இருந்து இரையைத் தூவினார்கள். வீடுகள் உள்ள பகுதியில் பூட்டிய பெட்டிகளில் வைத்தார்கள். வுட்ஹென் எனப்படும், பறக்க இயலாத கானாங்கோழி இனப் பறவைகளும் இரையைத் தின்றுவிடும் என்பதால், அவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே பிடித்துக் கூண்டுகளில் வளர்த்து, ஆபத்து நீங்கிய பிறகு விடுவித்தார்கள். அவை அப்போது இருநூற்றுச் சொச்சம்தான். பின்னர் ஆயிரத்தைத் தாண்டின.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021 ஏப்ரலில் ஓர் ஆண் எலியும் கருவுற்ற ஒரு பெண் எலியும் சிக்கின. எல்லாரும் அதிர்ந்து போனார்கள். மோப்ப நாய்கள், கேமராக்கள், பொறிகள் என்று பல மாதங்கள் மீண்டும் தேடல் நடந்தது. மேலும் எலிகள் பிடிபட்டன. இரண்டு எலிகளுக்காக இத்தனை பேரா என்று முன்பு நான் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

விவாத நாளன்று நான் அணி மாறவில்லை. பேச்சை மட்டும் மாற்றிக்கொண்டேன். “கொல்வது தவறா என்று கேட்டு வந்தேன். நூறு ஆண்டுகளாகக் கொன்றுகொண்டேதான் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு முடிவு கட்டுவதை என்னால் எதிர்க்க முடியவில்லை. ஆனால், நஞ்சு வைப்பவர்கள் அதன் வேதனையையும் கணக்கில் எழுத வேண்டும்,” என்றேன். எங்கள் அணி தோற்றது. எனக்கு வருத்தமில்லை.

வீட்டில் தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்போ ஆந்தை விட்டது தப்பாய்யா?” என்று கேட்டார்.

“நம்ம தோட்டத்துல தப்பில்ல தாத்தா. அங்க இடம் வேற,” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்தக் கப்பலை அன்னிக்கே ஒழுங்காப் பார்த்திருந்தா இவ்வளவும் இல்ல,” என்றார்.

நான் பக்கம் பக்கமாகப் படித்ததன் சாரம் அதுதான். கடைசி எலியைப் பிடிக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் வேண்டும். முதல் எலியைத் தடுக்க, கரையில் இறங்கும் பெட்டியை ஒருவர் திறந்து பார்த்தால் போதும். அடுத்த முறை தீவுக்குப் படகு ஏறும்போது, மாணவர்களே, உங்கள் பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.