டிராக்டர் ரேடியேட்டரும் அதன் பராமரிப்பும்

உழவுக்கும் சேறடிப்பதற்கும் டிராக்டரை நம்பியுள்ள விவசாயிகள், எஞ்சின் எண்ணெயை மாற்றுவதிலும் டீசல் வடிகட்டியைக் கவனிப்பதிலும் காட்டும் சிரத்தையில் கால் பங்கேனும் ரேடியேட்டரின்பால் காட்டுவதில்லை. அஃது நீர் ஊற்றி வைக்கும் ஒரு தொட்டி என்றே பலரும் எண்ணி வருகின்றனர். நாற்று முற்றி, நடவாட்கள் வரப்பில் காத்திருக்கும் வேளையில் எஞ்சின் கொதித்து நின்றுவிடுமாயின், அந்த ஒரு நாள் நஷ்டத்தோடு காரியம் முடிவதில்லை. ஸிலிண்டர் ஹெட் கோணி, கேஸ்கட் எரிந்து, பிஸ்டனும் இறுகிப்போய்விட்டால், பழுது பார்க்கும் செலவு ஒரு போகத்தின் லாபத்தையே விழுங்கிவிடக்கூடும்.

டீசல் எரிவதனால் உண்டாகும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகின்றது. ஏறத்தாழ அதே அளவு புகையோடு வெளியேறுகின்றது. மீதியில் பெரும்பகுதியை ஸிலிண்டர்களைச் சூழ்ந்தோடும் நீர் வாங்கிக்கொள்கின்றது. சுட்ட நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் மேல் தொட்டியை அடைந்து, மெல்லிய குழாய்களின் வழியே கீழிறங்கி, விசிறி இழுக்கும் காற்றினால் ஆறி, பம்பினால் மறுபடியும் எஞ்சினுக்குள் தள்ளப்படுகின்றது. 1908-ஆம் ஆண்டு வெளிவந்த போர்டு ‘டி’ மாடல் மோட்டார்களில் பெரும்பாலானவற்றிற்குப் பம்பே கிடையாது. சுடுநீர் தானே மேலெழும் இயல்பைக் கொண்டே அவை ஓடின. காற்றினாலேயே குளிரும் எஞ்சின் பூட்டிய டிராக்டர்களும் நம் நாட்டில் உண்டு. அவற்றை வைத்திருப்போருக்கு இக்கட்டுரையில் அதிக வேலையில்லை.

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அதிலுள்ள வில்சுருள் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றது. சதுர அங்குலத்திற்கு ஒரு ராத்தல் அழுத்தம் கூடினால், நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை சென்டிகிரேட் டிகிரிக்குச் சற்று மேலாக உயரும். ஆகையால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாதிருக்கக்கூடும். அச்சமயத்தில் மூடியைத் திறப்போமானால், அழுத்தம் நீங்கிய கணமே நீர் ஆவியாகப் பொங்கி முகத்தில் பாயும். அரை மணி நேரமாவது எஞ்சின் ஆறிய பின்னர், கனத்த துணியை மேலிட்டு, முதலில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஆவி அடங்கிய பிறகே மூடியை எடுத்தல் வேண்டும். சிறுவர்களை இவ்வேலைக்கு ஏவுதல் கூடவே கூடாது.

இனி, எந்த நீரை ஊற்றுவது என்னும் விஷயம். நாம் செய்யும் பிழைகளுள் இதுவே தலையாயது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஊர்களில், சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிவதை எல்லோரும் கண்டிருப்பர். அதே படிவு ஸிலிண்டரைச் சுற்றியும் ரேடியேட்டர்க் குழாய்களிலும் படிகின்றது. இப்படிவு உலோகத்தைப் போல் உஷ்ணத்தைக் கடத்துவதில்லை. கம்பளி போர்த்தியதுபோல் தடுத்துவிடுகின்றது. குறையக் குறைய அதே நீரை ஊற்றி வருவதால் படிவு மேன்மேலும் பெருகும். வாய்க்கால் நீரோ வண்டலைக் கொண்டுவந்து குழாய்களை அடைக்கும். முதல் மழையில் கூரை கழுவப்பட்டபின் பிடித்த மழைநீர், அல்லது பாட்டரிக்கு ஊற்றும் வாலை நீர் உத்தமம்.

நம் நாட்டில் நீர் உறையும் பயமில்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பாருண்டு. கூலண்டில் கலந்துள்ள மருந்துகள் துருவைத் தடுப்பதோடு, டீசல் எஞ்சின் லைனரின் வெளிப்புறம் அதிர்வினால் உண்டாகும் நீர்க்குமிழிகள் உடைந்து குழி விழாமலும் காக்கின்றன. எனவே அது வேண்டியதே என்பது எமது கருத்து. கைப்புத்தகம் குறிப்பிடும் வகையையே, அது கூறும் அளவில் கலந்து, அது கூறும் கெடுவுக்குள் மாற்ற வேண்டும்; இரு வகைகளைக் கலத்தலாகாது. கூலண்ட் பலவற்றில் எதிலீன் கிளைக்கால் என்னும் இனிப்புச் சுவையுள்ள விஷம் உண்டு. வடித்த நீரைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைத்தால் கன்றுகளும் நாய்களும் குடித்து மாளும்.

கதிரடிப்புக் காலத்தில் ரேடியேட்டரின் முகப்பில் வைக்கோல் தூசும் பதரும் அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் நிறைந்திருந்தும் எஞ்சின் கொதிக்கின்றதென்றால் முதலில் இதையே பார்த்தல் வேண்டும். அந்நாட்களில் தினந்தோறும், எஞ்சின் ஆறிய நிலையில், விசிறிப் பக்கத்திலிருந்து வெளிமுகமாகக் காற்றோ மெல்லிய நீரோ செலுத்திக் கழுவுதல் நலம். பம்புசெட்டு நீரை விசையோடு பாய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்துபோகும். விசிறிப் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் பொதுவாக அரை அங்குலம் அளவே தாழ வேண்டும். ஹோஸ் உப்பியோ வெடித்தோ காணப்பட்டால் உடனே மாற்றுக.

கொதிக்கின்றதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இது தவறு. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் டீசல் வீணாகும், தேய்மானமும் அதிகரிக்கும். சில எஞ்சின்களில் நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் குறுக்கு வழியே திரும்பிவிடுவதால் கொதிப்பு முன்னினும் மிகும். அதனைக் கழற்றி, உஷ்ணமானியோடு நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பார்த்தால், அதன்மேல் பொறித்துள்ள டிகிரியில் திறக்கின்றதா என்பது விளங்கும்.

வயலில் கொதிப்பு நேர்ந்தால் கலப்பையைத் தூக்கிச் சுமையை நீக்கி, நீர் ஒழுகிப் போகாதிருக்குமாயின் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துக. நீரே வற்றியிருப்பின் அக்கணமே நிறுத்துக. காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். மூடி திறந்த நிலையில் ஓடும்போது இடைவிடாது குமிழிகள் எழுந்தாலோ, எஞ்சின் எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தாலோ, பழுது ரேடியேட்டரில் இல்லை. ஹெட் கேஸ்கட்டில் இருக்கக்கூடும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஓரிரு ஓட்டைகளை ஈயம் பற்றி அடைக்கலாம். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. துணி சோடாவினால் கழுவுவதும் அதற்கு ஆகாது. குழாய்களில் பல அடைபட்டோ, தகடுகள் உதிர்ந்தோ போயிருப்பின் புதியதே வாங்குதல் சிக்கனம். மாற்றும்போது பாட்டரி இணைப்பை நீக்கி, நீரை வடித்து, ஹோஸ்களையும் விசிறிக் கூண்டையும் கழற்றி, விசிறி இலைகள் உரசாமல் நடுவே ஓர் அட்டையைச் செருகி, நேராக மேலே தூக்குக. புதியதன் குழாய் வரிசைகளும், ஹோஸ் வாய்களும், தாங்கும் துளைகளும் பழையதோடு ஒத்துள்ளனவா என்று கடையிலேயே ஒப்பிட்டுக்கொள்வது அலைச்சலைத் தவிர்க்கும். அடியிலுள்ள ரப்பர் மெத்தைகளை மறக்கலாகாது. அவையின்றிப் பூட்டிய ரேடியேட்டர் வயல் அதிர்வில் விரைவில் கீறல் விடும். ஹோஸ், கிளாம்பு, மூடி ஆகியவற்றையும் அத்தருணமே மாற்றிவிடுக. நீரை மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து உட்காற்று வெளியேறி நீர்மட்டம் இறங்கியதும் குறைவை நிரப்பி மூடுக. மறுநாட் காலையில், எஞ்சினைக் கிளப்புமுன், மட்டத்தை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்க.