நெஞ்சுல நீர் கோத்தா டி.பி. மட்டும்தானா?

சகோதரிகளே, நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னு டாக்டர் சொன்னதும் நம்ம வாயில முதல்ல வர்ற பேர் டி.பி. அதில் தப்பில்லை. நம் நாட்டில் அது முக்கியமான காரணம்தான். ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் சேரலாம். காய்ச்சல், ராத்திரி வேர்வை, உடம்பு இளைப்பு, கழுத்தில் நெறிகட்டு எல்லாம் இரண்டு நோயிலும் வரும்.

அதனால்தான் ஊசியால் நீரை எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். அதை மெஷினில் வேகமாகச் சுழற்றினால் அணுக்கள் அடியில் தங்கும். அதைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். சிக்கல் இங்கேதான். லிம்போசைட் என்கிற வெள்ளையணு டி.பி. நீரிலும் நிறைய இருக்கும், லிம்போமா நீரிலும் இருக்கும். ஏ.டி.ஏ. என்ற டெஸ்ட் டி.பி.யில் கூடுதலாகக் காட்டும். சில லிம்போமாவிலும் அப்படியே காட்டி ஏமாத்திடும்!

சந்தேகம் இருந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்வார்கள். ஒவ்வொரு அணுவையும் லேசர் ஒளி வழியே விட்டு அதன் அடையாளத்தைப் பார்ப்பது இது. பல ரக நெல் கலந்து கிடந்தால் அது சாதாரணம். ஒரே விதை நெல்லு முளைச்சு வயல் பூரா பரவின மாதிரி எல்லாம் ஒரே வகையாக இருந்தால் லிம்போமா சந்தேகம் வலுக்கும். எந்த வகை என்று உறுதி செய்ய, பெரும்பாலும் நெறிகட்டிலிருந்து சதை எடுத்தும் பார்ப்பார்கள். சதை எடுத்தா நோய் பரவிடும்னு பயந்து மறுக்காதீங்க.

நீரில் ஒருமுறை 'கேன்சர் அணு இல்லை' என்று வந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. டி.பி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சில வாரத்தில் காய்ச்சல் குறையலை, கட்டி பெருசாகுது என்றால் டாக்டரிடம் திரும்பப் போய்க் கேளுங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது.

சில சமயம் முதுகுத்தண்டு நீரும் எடுப்பார்கள். முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் குத்துவார்கள். ஆனால் அந்த நீரில் அணுக்கள் சீக்கிரம் சிதைந்துவிடும். பாட்டிலை உங்க கையில கொடுத்தா, டீக்கடைப் பக்கம் போகாம நேரா லேபுக்குப் போங்க.

காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினால், பழைய ரிப்போர்ட், ஸ்கேன் படத்தோடு அந்தக் கண்ணாடித் தகடுகளையும் லேபில் கேட்டு வாங்கிப் போங்க. அங்கே மறுபடி பார்ப்பார்கள். லிம்போமாவில் குணமாகிற வகைகள் பல உண்டு. எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்.